பால் கணக்கும் பைத்தானும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பைத்தான் என்ற கணினி மொழித் தேர்வை நினைத்து நேற்றிரவு தொலைபேசியில் நீ அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜொகூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

நீ தீபாவளிக்கு வந்தபோது விட்டுச்சென்ற நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ரப்பர் தோட்டத்தில் 26 வருடம் பால் நிறுத்துக் கணக்கு எழுதிய கிராணி நான். தம்பியிடம் மடிக்கணினியைக் கொடுத்து, பால்மரம் சீவும் வெட்டுக்காரர் ஒருவர் இரண்டு வாளிகளில் கொண்டுவரும் பாலைக் கூட்டச் சொன்னேன். முதல் வாளி 12 கிலோ, அடுத்தது 8. திரையில் வந்தது 128!

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைத்தானில் 'இன்புட்' கொண்டுவருவது எண் அல்ல, எழுத்து; 'இன்ட்' போட்டு எண்ணாக்காவிட்டால் 12-க்குப் பக்கத்தில் 8-ஐ ஒட்டிவிடும் என்று உன் நோட்டிலேயே சிவப்பு மையில் இருக்கிறது. எழுதிய நீயே சென்ற மாதச் சிறு தேர்வில் அதைக் கோட்டை விட்டிருக்கிறாய். இதில் பிழை என்று இயந்திரம் ஒரு சத்தமும் போடவில்லை, பார்த்தாயா? அந்த 20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு காய்ந்த ரப்பர் என்றால் கணக்கில் ஏறுவது 7 கிலோ. 128-ஐ நம்பியிருந்தால் ஏறக்குறைய 45 கிலோ எழுதியிருப்பேன். மறுநாளே தோட்டத்துத் துரை என் சீட்டைக் கிழித்திருப்பார்.

உன் தேர்வு தாளில்தான் என்கிறாய். ஓட்டிப் பார்க்க அங்கே கணினி இராது. பழைய விடைகளை மனப்பாடம் செய்வதை இன்றோடு விடு. ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே மாறிகளின், அதாவது நிரலில் மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிகளின், பெயர்களை எழுது. நிரலை ஒவ்வொரு வரியாகப் படித்து, எது மாறியதோ அதை மட்டும் கீழே குறி. பழைய எண்ணை அழிக்காதே, குறுக்கே ஒரு கோடு போடு. செக்ரோலில், அதாவது ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேட்டில், நாங்கள் அப்படித்தான் செய்வோம். அழித்துத் திருத்திய எண்ணைத் தோட்டத்தில் எவரும் நம்பமாட்டார்கள்.

1-லிருந்து எண்ணும் 'ரேஞ்ச்(1, 10)' 10-க்குப் போகாமல் 9-லேயே நின்றுவிடுகிறது. அதாவது பத்தாவது வெட்டுக்காரருக்குச் சம்பளம் இல்லை. பட்டியல் பூஜ்ஜியத்தில் தொடங்குவது மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. எந்த நிரையிலடி பூஜ்ஜியமாம் நம்பர் மரம் இருந்தது? திரும்பத் திரும்ப ஓடும் 'வைல்' சுற்றில், எத்தனையாவது முறை என்று எண்ணும் எண்ணியைக் கூட்ட மறந்தாயானால், விடிய விடிய ஒரே பால்மரத்தைச் சீவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு சமக்குறி மதிப்பை வைப்பதற்கு, இரண்டு ஒப்பிடுவதற்கு. இது உனக்கே தெரியும்.

இன்றிரவு ஒரு கேள்வியைக் கட்டம் போட்டுச் செய்து படம் எடுத்து அனுப்பு. சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, தம்பி பார்ப்பான். கட்டம் நேராக இருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வரும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அம்மா நெத்திலிச் சம்பல் கொடுத்துவிடுகிறாள், இரண்டு போத்தல். ஒன்று உன் அறைத் தோழிக்கு. போன முறை கொடுத்த போத்தல் இன்னும் திரும்பி வரவில்லையாம். அந்தக் கணக்கை அவள்தான் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா