பெரியவர்களைப் பழக்குவது பற்றி, மன்னார்குடி நண்பருக்கு

கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி குறுவை நடவுக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருக்கிறான். ஓய்வு பெற்ற பின்னும் சாரணர் இயக்கம் தங்களை விடவில்லை என்பதும், பிள்ளைகளின் படைகளை நடத்தப் புதிதாக முன்வந்திருக்கும் பெரியவர்களைப் பழக்கும் பொறுப்பு தங்களிடம் வந்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். கருத்துக் கேட்டிருந்தீர்கள், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் ஒரு சாரணர் படை பெரும்பாலும் ஒரு பள்ளியையும், அந்தப் பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியரையும் நம்பித்தான் இருக்கிறது. அவருக்கு மாறுதல் ஆணை வந்தால் கழுத்துக்குட்டைகளும் கொடியும் பீரோவுக்குள் போய்விடுகின்றன. ஆகவே பள்ளிக்கு வெளியிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும், விவசாயியும், பிள்ளைகளின் தாய்மாரும் வந்து சேர்வதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். ஆனால் அவர்களுடைய காலமும் ஆசிரியர்களுடைய காலமும் ஒன்றல்ல. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, தை மாசியில் அறுவடை என்று விவசாயிக்கு ஆண்டு ஓடிவிடும். தங்கிப் பயிலும் அடிப்படைப் பயிற்சியைக் கோடை விடுமுறையில் வைத்தால் இரு தரப்பாருக்கும் பொருந்தும். அதற்காக, ஆனி மாதம் ஆர்வத்தோடு வந்தவரை அடுத்த சித்திரை வரை சும்மா உட்கார வைக்கக் கூடாது. ஞாயிறு காலைகளில் உள்ளூரிலேயே இரண்டு மணி நேர அறிமுக வகுப்புகள் நடத்தி, அவரை ஏதேனும் ஒரு படையோடு உடனே இணைத்துவிடுங்கள்.

வகுப்பில் இயக்கத்தின் வரலாற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் முகாம் நடத்தியதும், 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானதும் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கக் கூடியவை. நேரம் கொடுக்க வேண்டியவை வேறு. ஆறும் வாய்க்காலும் குளமும் சூழ்ந்த ஊர்களில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொருவருக்கும், நீரில் தத்தளிப்பவரைத் தான் குதிக்காமல் கயிறோ கழியோ நீட்டிக் கரைசேர்க்கவும், மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யவும் கைப்பழக்கம் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை நாம் மறக்கவில்லை. முகாமை எப்போது கலைப்பது, பெற்றோருக்கு யார் தகவல் சொல்வது என்பனவற்றை முன்னதாகவே முடிவு செய்து வைக்கக் கற்றுக்கொடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தைப் பாதுகாப்பு. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது என்னும் விதியையும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிய வந்த குற்றத்தைப் புகார் செய்யாமலிருப்பதே குற்றம் என்பதையும், குழந்தைகள் உதவிக்கான 1098 என்னும் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கௌரவமான மனிதர்களிடம் இதைப் பேசுவதா என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

1919 செப்டம்பரில் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணர் தலைவர்களுக்காக நடந்த முதல் உட்பேட்ஜ் (Wood Badge) பயிற்சியில் வளர்ந்த ஆண்களைச் சிறுவர்களைப் போல அணிகளாகப் பிரித்து, கூடாரத்தில் தங்கவும் சமைக்கவும் வைத்தார்கள். அந்த முறையை மாற்ற வேண்டிய தேவை இன்றும் இல்லை. வீட்டில் காபி டம்ளரைக்கூட நகர்த்தாத நம்மவர்களுக்கு அது கூடுதலாகவே பயன்படும். முடித்தவர்களுக்குப் பேடன் பவல் கொடுத்தது, தென்னாப்பிரிக்காவின் ஜுலு இன மன்னர் தினிஜுலுவின் மாலையிலிருந்து எடுத்த சிறு மரமணி. நம் நாட்டில் ஹிமாலய உட்பேட்ஜ் பெற்றவர் தோல் கயிற்றில் இரண்டு மணிகள் அணிகிறார். பயிற்சி அளிப்போர் மூன்றோ நான்கோ அணிகிறார்கள். முகாமில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் அந்த மணி கிடைத்துவிடுவதில்லை. திரும்பிப்போய்ப் படையில் வேலை செய்து காட்ட வேண்டும். நாம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முகாம் முடிந்து சான்றிதழோடு ஊர் திரும்பிய புதியவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் ஆறு மாதங்களில் அனுபவமுள்ள ஒருவர் அவருடைய படைக்கூட்டத்துக்கு நான்கைந்து முறை போய்ப் பின்வரிசையில் அமர்ந்திருந்து, பிறகு தனியே பேசினால், அது இன்னொரு முகாமைவிட அதிகம் கற்பிக்கும்.

பாராட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தகுதிப் பதக்கம், வெள்ளி நட்சத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளி யானை என்று விருதுகள் இருக்கத்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பரிந்துரை எழுத ஆள் வேண்டும். தன்னைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு அந்த ஆள் கிடைத்துவிடுகிறார். வாயில்லாதவர் கடைசிவரை விண்ணப்பமாகக்கூட ஆவதில்லை. யார் என்ன செய்தார் என்பதை ஆண்டு முழுதும் தாங்களே குறிப்பெடுத்து வையுங்கள். நம் விழாக்களில் பொன்னாடை முழுவதும் மேடைக்குப் போகிறது. மூன்று நாள் பந்தல் கால் பிடித்தவர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது சால்வை அன்று. “மழையில் பதினைந்து பிள்ளைகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்” என்று செயலைச் சுட்டி, அந்த வாரமே, அவர் வீட்டார் முன்னிலையில் சொல்வது போதும். பேருந்துக் கட்டணத்தை அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிடுவதும் மரியாதைதான். எல்லாவற்றையும்விட உயர்ந்த பாராட்டாக நான் கருதுவது, அடுத்த ஆண்டு அவரையே ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வது.

நீண்ட காலம் இருந்தவர் என்பதற்காகவே ஒருவரைப் பொறுப்பில் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, தொடர்வதா, வேறு பணிக்கு மாறுவதா, விடைபெறுவதா என்று மனம்விட்டுப் பேசும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திவிட்டால், பிறகு யாரையும் புண்படுத்த நேராது. இது நம் வயதினரைத்தான் முதலில் தொடும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

ஞாயிறு வகுப்புகளுக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள். முடிச்சுகளும் கயிறு எறிதலும் நான் எடுத்துக்கொள்கிறேன். முதலுதவிக்கு அரசு மருத்துவமனைச் செவிலியர் எவரையேனும் இப்போதே கேட்டு வையுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்