பீர்தானே என்று விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பிக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை. தினமும் ஒரு குவார்ட்டர் குடித்தவன், பிள்ளைகளுக்காக அதை விட்டுவிட்டதாகப் போன தீபாவளிக்குச் சத்தியம் செய்தான். அப்புறம் தினமும் இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீர். கேட்டால், "பீர்தானே அக்கா, இதுல என்ன இருக்கு?" என்பான்.

பாட்டிலை வாங்கிப் படித்தேன். 650 மில்லி, 8 சதவீதம். அப்படியென்றால் ஒரு பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால், இரண்டில் 104. அவன் விட்ட பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் 77 மில்லிதான் வருகிறது. பாவம், குறைத்துவிட்டோம் என்று நம்பியே கூடுதலாகக் குடித்திருக்கிறான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2019 நவம்பரில் மளிகைக் கடை பீருக்கான வரம்பை உயர்த்தியது. உயர்த்திய பிறகும் அது 5 சதவீதம்தான். அதற்கு மேல் உள்ளதை அரசு மதுக்கடையில்தான் வாங்க வேண்டும். இங்கே 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில் இருக்கிறது. மதுவும் மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். சென்னையிலேயே முடிவெடுக்கலாம்.

பீருக்கு 5 சதவீத வரம்பு வேண்டும். சட்டம் வரும்வரை, உள்ளே எத்தனை மில்லி ஆல்கஹால் என்பதைப் பாட்டிலின் முன்பக்கம் தமிழில் பெரிதாக அச்சிடட்டும். நான் கணக்கைச் சொன்ன இரவு, தம்பி அந்தச் சின்ன எழுத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை