பாளையக்காரர் கோட்டைகளுக்கும் சிறப்புப் பேருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்திற்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்துகளை இயக்கி வருவதை நம் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். காலையில் ஏறினால் ஒன்பது தலங்களையும் தரிசித்துவிட்டு அன்றே வீடு திரும்பிவிடலாம் என்பதால், வயதானவர்கள்கூட யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருகிறார்கள். இதே ஏற்பாட்டைப் பாளையக்காரர் போர்கள் நடந்த இடங்களுக்கும், குறைந்தது பள்ளி விடுமுறை மாதங்களிலாவது, செய்து தர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, மதுரைச் சாலையில் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கிருந்து அழகுமுத்துக்கோன் நினைவிடம் உள்ள கட்டாலங்குளம், பாரதியின் எட்டயபுரம், வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு தூத்துக்குடி வழியாகத் திரும்பினால் ஒரு பகல் பொழுது போதும். ஆனால் சொந்த வண்டி இல்லாதவர்கள் இந்த ஊர்களுக்குப் பேருந்து மாறி மாறிப் போவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர் பலர் இதனாலேயே அந்த எண்ணத்தைக் கைவிடுகிறார்கள்.

அப்படியே போய்ச் சேர்ந்தாலும், பாஞ்சாலங்குறிச்சியில் பார்ப்பது என்ன என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. அங்கு கம்பீரமாக நிற்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. உள்ளே சுவரில் தீட்டியிருக்கும் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இதுதான் கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை என்று நம்பிப் போகிறவர்களே அதிகம். உண்மைக் கோட்டையின் அடித்தளங்கள் அருகிலேயே மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. வரலாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கோட்டை கல்லால் கட்டப்பட்டதன்று. இறுகிய மண்ணால் எழுப்பப்பட்டது. சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டிருந்த அந்த மண்கோட்டையை 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேனின் படை தாக்கியபோது, கும்பினியார் பலத்த இழப்போடு பின்வாங்க நேர்ந்தது. பின்னர் கோட்டை கைப்பற்றப்பட்டு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்தவர்களும், எதிரிகளே வியக்கும்படி சில நாட்களில் அதை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். மண்ணும் தண்ணீரும் மக்களின் கைகளும் இருந்தால் போதும் என்ற நிலையில்தான் அது இயன்றது. அந்தச் சுவரை மார்ச் 31 அன்று தாக்கியும் கும்பினிப் படை உள்ளே நுழைய முடியவில்லை. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்து, கர்னல் அக்னியூ தலைமையில் சுவரை உடைத்த பிறகே மே 24 அன்று கோட்டை விழுந்தது. அந்தப் போர்களில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இன்றும் அருகில் இருக்கின்றன. நினைவுக்கோட்டைக்கு வருபவர்களில் அங்கே நடந்து போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. சிறுவர்கள் அந்தக் கல்லறைகளையும் அடித்தளங்களையும் ஒரே நாளில் பார்த்தால், போர் என்றால் என்ன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத அளவுக்குப் புரிந்துகொள்வார்கள்.

நம் பகுதியில் செஞ்சியைப் போலவோ திருமயத்தைப் போலவோ மதில்கள் நிமிர்ந்து நிற்கவில்லையே என்று குறைப்படுவோர் உண்டு. அதற்கும் காரணம் உண்டு. 1801ஆம் ஆண்டுப் போர் முடிந்ததும் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் கும்பினி அரசு உத்தரவிட்டது. ஆகவே இங்கே கோட்டை இல்லாமல் போனதே ஒரு வரலாற்றுச் செய்தி. மதில் நிற்கும் இடத்தில் பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும். மேடு மட்டும் எஞ்சிய இடத்தில் விளக்கப் பலகையும் விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால் எதுவுமே விளங்காது.

மேற்கே, 1755 முதலே கும்பினிப் படையை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவலையும், கும்பினியின் தளபதி யூசுப்கானின் தாக்குதல்களைச் சந்தித்த வாசுதேவநல்லூரையும் சேர்த்து இன்னொரு நாள் வழித்தடம் அமைக்கலாம். தெற்கே திருவிதாங்கூர் மன்னர்களின் வட்டக்கோட்டையும் உதயகிரிக் கோட்டையும் இருக்கின்றன. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னருக்கே படைத்தளபதியான டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை நேரில் பார்க்க வேண்டும்.

பேருந்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரை உடன் அனுப்பினால் பயணத்தின் பயன் பன்மடங்காகும். மதிப்பூதியம் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வருவதற்கு நம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்காக ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகத்தை எழுப்பிய அரசு, பாளையக்காரர் போர்களுக்கென்று பாளையங்கோட்டையில் ஒரு காட்சிக்கூடத்தையாவது அமைக்க வேண்டும். வளரி, ஈட்டி, பீரங்கிக் குண்டு ஆகியவற்றோடு, மண்சுவர் பீரங்கியைத் தாங்கிய விதத்தைக் காட்டும் ஒரு மாதிரியும் அதில் இருந்தால், காலையில் அதைப் பார்த்துவிட்டே பேருந்து புறப்படலாம்.

காட்சிக்கூடத்திற்கு நிதியும் காலமும் தேவைப்படும். பேருந்துக்கு அவ்வளவு தேவையில்லை. சுற்றுலாத் துறையும் போக்குவரத்துக் கழகமும் கலந்து பேசி, வரும் கோடை விடுமுறையிலேயே கயத்தாறு – பாஞ்சாலங்குறிச்சி வழித்தடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.