தசைச் சிதைவுக்கு முதல் மருந்து சலைன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராப்டோமயோலிசிஸ் எனப்படும் கடும் தசைச் சிதைவோடு ஐசியூவில் இருப்பவருக்கு ‘ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஃபில்டர்’ போட்டால் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை உறவினர்களிடையே பரவலாக இருக்கிறது. நகையை அடகு வைத்தாவது போடச் சொல்கிறார்கள். அந்த ஃபில்டரால் எது முடியும், எது முடியாது என்று வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வெயிலில் சுருண்டு விழுந்தவர், வலிப்பு நிற்காதவர், மின்சாரம் தாக்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், கடல் பாம்பு கடித்த மீனவர், போதையில் ஒரே பக்கமாக இரவு முழுவதும் கிடந்தவர் என யாருக்கும் இது வரலாம். தசைச் செல்கள் உடைந்து பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகும். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் சோதனை, மயோகுளோபினையும் ‘ரத்தம்’ என்றே காட்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. தசையிலிருந்து கசியும் நொதியான சிபிகே ரத்தத்தில் 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். ஆனால் முதல் சில மணி நேரத்தில் இதயத்தை நிறுத்தி உயிரை எடுப்பது பொட்டாசியம்தான். சிபிகே முடிவு வரட்டும் என்று ஈசிஜி எடுக்காமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி ஃபில்டர். டயாலிசிஸ் எளிதாக வடிக்கும் யூரியாவின் மூலக்கூறு எடை 60 டால்டன். மயோகுளோபினுக்குச் சுமார் 17,000. சிறு துளைகள் கொண்ட லோ ஃபிளக்ஸ் டயலைசர் (டயாலிசிஸ் ஃபில்டர்) வழியே அது போகவே போகாது. துளை பெரிதான ஹை ஃபிளக்ஸில் ஓரளவு போகும். இன்னும் பெரிய துளையுள்ள ஹை கட்-ஆஃப் ஃபில்டரில் நன்றாகப் போகும். கூடவே உடலுக்குத் தேவையான அல்புமின் என்ற ரத்தப் புரதமும் போய்விடும், அதைப் பாட்டிலாக வாங்கி ஏற்ற வேண்டிவரும். உறிஞ்சும் மணிகள் அடைத்த கார்ட்ரிட்ஜ் முதல் சில மணி நேரம் வேகமாக இழுக்கும், பிறகு நிறைந்து மந்தமாகிவிடும். வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கையும் அது உறிஞ்சும். டோஸைக் கவனிக்காவிட்டால் தொற்று கைமீறும்.

சிஆர்ஆர்டி எனப்படும், இடைவிடாமல் மெதுவாக ஓடும் டயாலிசிஸின்போது கழிவுப் பை செம்பழுப்பாகும். ‘விஷம் இறங்குது’ என்று வீட்டார் ஆறுதல் கொள்வார்கள். இறங்குவது உண்மை. ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் மயோகுளோபினால் அடைபடத் தொடங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மயோகுளோபினை வடித்ததால் இறப்பு குறைந்தது என்று உறுதியாக நிறுவிய ஆய்வு எதுவும் இல்லை.

டயாலிசிஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து கொடுத்தும் பொட்டாசியம் 6.5-க்குக் கீழே இறங்கவில்லை, அமிலத்தன்மை ஏறுகிறது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, சிறுநீர் நின்றுவிட்டது என்றால் உடனே தொடங்க வேண்டும். பொட்டாசியத்தைச் சட்டென்று இறக்க சாதாரண டயாலிசிஸ்தான் வேகமானது. ரத்த அழுத்தம் தாங்காதவருக்கு சிஆர்ஆர்டி. அதன் அளவு, கிலோவுக்கு மணிக்கு 25 மி.லி. என்றால் 60 கிலோ ஆளுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர். மிஷினில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டும்; வீங்கிய காலை அழுத்தம் குறையக் கீறிவிட்டிருந்தால், வழக்கமான ஹெபாரின் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் சிட்ரேட் போடுவார்கள். சிக்கல் இங்கேதான். சிதைந்த தசை கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடிக்கும். கல்லீரல் மந்தமாக இருந்தால் சிட்ரேட் தேங்கும். மொத்த கால்சியத்துக்கும், எதனுடனும் பிணையாத அயனி கால்சியத்துக்கும் உள்ள விகிதம் 2.5-ஐத் தாண்டுவது அதன் அடையாளம். மிஷின் ஓடாத நோயாளிக்கோ, எண் குறைவு என்பதற்காக மட்டும் கால்சியம் ஏற்றக் கூடாது. ஈசிஜி மாறினால், கைகால் இழுத்தால் கொடுக்கலாம். பிந்தைய நாட்களில் தசையே அதைத் திருப்பிவிடும். அப்போது அளவு மிஞ்சும்.

2003-இல் துருக்கியின் பிங்கோல் நிலநடுக்கத்தில் நசுங்கிய 16 பேருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டருக்கும் மேல் திரவம் ஏற்றினார்கள். 4 பேருக்குத்தான் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அவர்களுக்கு சலைன் தாமதமாகத் தொடங்கியிருந்தது. அதே நாட்டில் 1999 மர்மரா நிலநடுக்கத்தில் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான 639 பேரில் 477 பேர் டயாலிசிஸுக்குப் போனார்கள். இரண்டும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய கணக்கல்ல என்றாலும், சலைன் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதன் எடை புரியும்.

எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்கிற நார்மல் சலைன் போதும். பெரியவருக்கு மணிக்கு 1 லிட்டர் வீதம் தொடங்கி, சிறுநீர் மணிக்கு 200 முதல் 300 மி.லி. வரும்படி பார்க்க வேண்டும். முதியவருக்கும் இதய நோயாளிக்கும் நிதானம் தேவை. ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு பாட்டில் திரவத்தில் பொட்டாசியம் இருப்பதால் இடிபாட்டில் நசுங்கியவருக்கு அதைத் தவிர்ப்பது வழக்கம். சில லிட்டர் போயும் சிறுநீர் வராவிட்டால் மேலும் மேலும் ஊற்றுவது நுரையீரலைத்தான் நிரப்பும். அப்போது டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸிலும் ஊசிக்குழாயைக் கழற்றாமல், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை பாட்டில் போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, கடைசிப் பொட்டாசியம் என்ன என்பதை ரெஃபரல் சீட்டில் எழுதி அனுப்பினால், வாங்கிக்கொள்ளும் ஐசியூவுக்கு முதல் அரை மணி நேரம் மிச்சமாகும்.

தீவிர சிகிச்சை மருத்துவர்,
மதுரை