நடு வகிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாட்டுங்காவில் தீபாவளி வரைக்கும் பூ விலை இறங்காது என்கிறார்கள். போனில் பிடித்தால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், ஓய்வாகப் படி.

நீ மாடல்களுக்குத் தலை அலங்காரம் செய்து போட்டிருந்த ஃபேஷன் ஷோ படங்களைச் சித்திக்கும் எதிர்வீட்டு மாமிக்கும் காட்டினேன். கொம்பு வைத்த அந்தத் தலை சுத்தமாக வந்திருக்கிறது. ஒரு பின் வெளியே தெரியவில்லை, ஒரு பிசிறு இல்லை. சித்தி, "இதை எந்தக் கல்யாணத்துக்குப் போடுவது?" என்றாள். அவளிடம் என்ன பேச.

ஆனால் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. 2009 அக்டோபரில் பாரிஸில் ஆங்கில டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீன் காட்டிய உடைகளுக்கும் முடியை மண்டையோடு ஒட்டப் பின்னி, மேலே கூம்பாக நிறுத்தினார்கள். மனிதர்கள் திரும்பக் கடலுக்குள் போய் வேறு உயிராக மாறுவது அங்கே கற்பனை. துணியில் பாம்புத்தோல் அச்சு, காலில் ஒரு அடி உயரச் செருப்பு. தலையும் அதே கதையைச் சொன்னது. உங்கள் ஷோவில் மாதிரி ஜரிகை லெஹங்காவுக்கு மேல் கொம்பு நட்டால் அது தலையில் வைத்த சாமான், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதே, அது உங்கள் டிசைனரின் தலையெழுத்து, உன் வேலையில் குறை இல்லை. டிசைனர் கௌரவ் குப்தா தைக்கிற மாதிரி தோளுக்கு மேலே துணி அலையாக எழும்பி நிற்கிறது என்றால், முடியை ஒட்டச் சீவிப் பிடரியில் சின்ன முடிச்சோடு நிறுத்திவிட வேண்டும். அங்கே துணியே கொண்டை. அதற்கு மேல் நாம் கை வைத்தால் இரண்டும் கெட்டது.

கொம்புக்குள் என்ன கம்பி போட்டாய்? கட்டுக்கம்பியாக இருந்தால் முனையை வளைத்து, வளையத்தின் மேல் டேப் சுற்று. இல்லாவிட்டால் மாடல் தலையைத் திருப்பும்போது குத்தும். கம்பிக்கு மேல் நெட் துணி சுற்றினால்தான் ஒட்டுமுடி வழுக்காமல் நிற்கும். பாரம் முழுவதும் உள்ளே போட்ட பின்னலில் இறங்க வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு சின்னப் பின்னலை வட்டமாகச் சுற்றித் தைத்துவிட்டு அதன் மேல் கொம்பின் கம்பிக் கூட்டை உட்கார வை. நெற்றி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியைத் தொடாதே. அதைக் கடைசியில் பிரஷ்ஷால் மேலே தடவி மூடினால் போதும். பாபி பின்னில் நெளிநெளியாக இருக்கிற பக்கம் தோலைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போடு. ஸ்ப்ரேயை ஒரு அடி தள்ளிப் பிடித்து மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடி. ஒரேயடியாக நனைத்தால் காய்ந்து வெள்ளையாக உதிரும், கறுப்பு முடியில் அது லைட்டில் பொடுகு மாதிரி தெரியும்.

ஜெல்லும் அப்படித்தான். ஈரமுடியில் ஒரு தடவைதான். காய்ந்ததன் மேல் மறுபடி தடவினால் திரண்டுவிடும். மினுமினுப்பு போதவில்லை என்றால் ஷைன் ஸ்ப்ரே அடி. பம்பாய் மழைக்காலத்தில் முடி புசுபுசுவென்று எழும்பும்; உங்கள் டெல்லிக் குளிரில் சீப்பைக் கண்டாலே பறக்கும். அங்கே ஸ்ப்ரேயைத் தலையில் அடிக்காமல் பிரஷ்ஷில் அடித்துத் தடவிப் பார்.

பூ ஜடை மட்டும் லேசா? சவுரி, பூ தைத்த பட்டை, ராக்கொடி, நாகம், குஞ்சலம் எல்லாம் சேர்ந்தால் கொம்பை விடக் கனம். பட்டையைப் பிடரியில் ஒரே இடத்தில் கட்டினால் அரை மணியில் பெண் தலைவலி என்பாள். பின்னல் நெடுக ஒரு சாணுக்கு ஒரு கட்டு போட்டால் ரிசப்ஷன் முடியும்வரை சிரித்துக்கொண்டே இருப்பாள். பாரிஸ் ஷோவுக்கும் நமக்கும் ஒரே கணக்குதான். பாரத்தைப் பிரித்துப் போடு, நெற்றி ஓரத்தை இழுக்காதே.

மாடல்களுக்கு மட்டும் சொல்லவில்லை, உனக்கும்தான். நீயும் வேலை நேரத்தில் உச்சியில் இறுக்கிக் கொண்டை போடுகிறாய். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மூன்றாவது படத்தில் மாடலுக்குப் பின்னால் கண்ணாடியில் நீ குனிந்து நிற்கிறாய். லைட் நேராக உன் உச்சியில் விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

இறுக்கிக் கட்டுவதால் போகிற முடி நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும்தான் போகும். பிளீச்சில் போவது நடுவில் ஒடியும், குட்டை குட்டையாக நிற்கும். உனக்கு ஓரமெல்லாம் அப்படியே இருக்கிறது. வகிடுதான் அகன்றிருக்கிறது, முன்னிருந்து பின்வரை. சீப்பில் வருகிற முடியை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் அதிகம்.

இப்படி எல்லா இடத்திலும் பரவலாகக் கொட்டுவதற்குக் காரணம் நேற்று நடந்ததாக இருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்பு எதையாவது தாங்கியிருக்கும். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், ரத்தம் நிறையப் போனது, பட்டினி டயட், பெரிய மனக்கஷ்டம். பிள்ளை பெற்றவர்களுக்கும் இப்படித்தான் மூன்றாம் மாதம் கொட்டும். இப்போது ஐப்பசி. ஆடிப்பெருக்குக்கு நீ கூப்பிடவில்லை, வரலட்சுமி நோன்புக்கும் கூப்பிடவில்லை. லாஜ்பத் நகர் வீட்டை ஏன் அவசரமாகக் காலி செய்தாய் என்று நான் கேட்டேனா? இப்போதும் கேட்கவில்லை. காரணத்தைப் பார்த்து வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. அதனால் எனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. டாக்டரிடம் மட்டும் மறைக்காதே.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற இரும்புச் சத்தின் அளவு), தைராய்டு, விட்டமின் டி மூன்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல். முடிக்கென்று பயோட்டின் விட்டமின் மிட்டாய் சாப்பிடுகிறாய் என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்து, அது தைராய்டு கணக்கைக் குழப்பும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடு, காபியோடு வேண்டாம். காபியை நீ குறைக்கவும் மாட்டாய்.

அதுவரை கிளிப் வைத்த ஒட்டுமுடி வேண்டாம், சோர்ந்த வேர் பாரம் தாங்காது. நடு வகிட்டை விட்டுப் பக்க வகிடு எடு, யாருக்கும் தெரியாது. பயந்துபோய்க் குட்டையாக வெட்டிக்கொள்ளாதே. உதிர்ந்த இடத்தில் முளைக்கத் தொடங்கினாலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், கண்ணுக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும். சாப்பாட்டைத் தள்ளாதே. முட்டையாவது சாப்பிடு, இங்கே யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பாட்டி உட்பட.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் என் நம்பருக்கு அனுப்பு. வீட்டு குரூப்பில் போடாதே. அப்பா ஒவ்வொரு எண்ணையும் இன்டர்நெட்டில் தேடிக்கொண்டு உட்காருவார்.

அன்புடன்,
அம்மா