அம்மிணிக்கு அம்மா எழுதறது

கண்ணு அம்மிணி,

மாப்பிள்ளையோட இருக்கறதா, விலகிக்கறதான்னு இங்கிலாந்துல இருந்து நீ எழுதி அனுப்பினதைப் படிச்சேன். போன்ல பேசினா அழுதுருவேன், அதான் எழுதறேன்.

‘இந்தக் கல்யாணத்துல உனக்குன்னு என்ன இருக்கு’ன்னு கூட வேலை செய்யற பொண்ணு கேட்டான்னும், உனக்குப் பதில் வரலைன்னும் எழுதியிருக்கே. அந்தப் பொண்ணு கேட்டதுல தப்பில்லை சாமி. இங்கே உன்னை ஆரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. ‘விசேஷம் ஏதாச்சும் உண்டா’ன்னுதான் கேப்பாங்க.

உன் கல்யாணத்தை நெனைச்சுப் பாரு. சடங்கு நடத்தி வெக்கற அருமைக்காரர் ஒவ்வொரு சீரா செஞ்சு வெச்சாரு. மாப்பிள்ளையோட அக்கா, கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீரைப் பண்ணுனாங்க. நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடினாரு. மாமன், மச்சான், பங்காளி எல்லாருக்கும் அதுல ஒரு வேலை இருந்துச்சு. நீயும் மாப்பிள்ளையும் மட்டும் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கலை. இங்கிலாந்துல ரெண்டு பேரும் அவங்கவங்க வாயாலயே சம்மதம் சொல்லோணும்னு உன் சிநேகிதி கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து நீதான் சொன்னே. அங்கே மனசு ஒத்து வரலைன்னா கல்யாணத்துக்கு அர்த்தமே இல்லைன்னு நெனைக்கறாங்க. இங்கே இத்தனை சனம் சேந்து செஞ்சு வெச்சதால, உள்ள இருக்கறவ மனசு எப்படி இருந்தாலும் அது நடந்துட்டே இருக்குது.

அவங்க வழக்கம் நமக்கெதுக்குன்னு தள்ளவும் எனக்கு மனசில்லை. பெரியார் பொறந்தது நம்ம ஈரோடு. சுயமரியாதைக் கல்யாணத்துலயும் பொண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே சம்மதம் சொல்லித்தான் மாலை மாத்திக்கறாங்க. 1967ல அண்ணா ஆட்சிக்கு வந்து அதைச் சட்டமாக்கினாரு. உன் சின்ன அப்புச்சி அப்படித்தான் கட்டுனாரு. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க. அந்த வீட்ல சின்ன அம்மாயி சொல்லுக்கு மதிப்பு இருந்துச்சு, நான் கண்ணால பாத்திருக்கேன்.

நம்ம பக்கம் புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னா பெரியவங்க உக்காந்து பேசுவாங்க. எத்தனையோ குடும்பம் அதுல பொழைச்சிருக்கு. ஆனா ‘பொறுத்துப் போ’ங்கற பேச்சு எப்பவும் பொண்ணுக்குத்தான். அதுல எனக்கு ரொம்பக் கோபம். அதனாலதான் உன் விசயத்தை உன் பெரியப்பா காதுக்குக் கொண்டு போகலை.

மாப்பிள்ளை உன்மேல கை வெச்சிருந்தா, உன் சம்பளத்தைப் புடுங்கியிருந்தா, இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன், அடுத்த பிளைட்ல வந்துருன்னு சொல்லியிருப்பேன். நீ எழுதினது அது இல்லை. அவரு வேலைக்காக ஊர் மாறினதுல உன் படிப்பு நின்னு போச்சு, கேட்டா ‘அப்பறம் பாக்கலாம்’ங்கறாரு. அது சின்ன விசயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ‘எனக்கு இது வேணும், இந்த வருசமே வேணும்’னு அவரு மூஞ்சியைப் பாத்துச் சொன்னியா? நீ எழுதினதுல தேடிப் பாத்தேன், காணலை. நம்ம வீட்டுப் பொண்ணுக அப்படிக் கேட்டுப் பழகலை, எனக்குத் தெரியும். நீ கேட்டாத்தான் அவரும் என்ன செய்வாருன்னு தெரியும்.

2022 ஏப்ரல்ல இருந்து இங்கிலாந்துல ஆரு மேலயும் குத்தஞ் சொல்லாம விலகிக்கலாமாம், உன் மாமன் பையன் வக்கீல் சொன்னான். அப்படியும் மனுப் போட்டு 20 வாரம் காத்திருக்கோணும், அதுக்கப்பறம் இன்னும் 6 வாரமாம். இங்கேயும் ரெண்டு பேரும் ஒத்து மனுப் போட்டாக்கூட பொதுவா 6 மாசம் விட்டுத்தான் மறுபடி கேக்கறாங்க. மனு எதுவும் போடாமயே அந்த 20 வாரத்தை நீ எடுத்துக்க. மொதல்ல காலேஜ்ல சேரு, அவரு சரின்னு சொல்றதுக்காகக் காத்திருக்காதே. ரெண்டு பேருமா கவுன்சலிங் போங்க, சொந்தக்காரங்க ஆரும் இல்லாத எடத்துல ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசலாம்.

அப்பறமும் முடியலைன்னா வா. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இருக்கறேன்னு சொன்னாலும் எங்களுக்காக இருக்கறேன்னு சொல்லாதே.

மஞ்சள் வித்த பணம் வந்திருக்கு. பீசுக்கு அதைத் தரச் சொல்லி அப்பாவே சொல்லிட்டாரு. எவ்வளவு, எப்பக் கட்டோணும்னு எழுது.

அம்மா