வீழ்த்தினார் என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த இந்திய விமானி இந்திரலால் ராயைப் பற்றி நாளிதழ்களில் எழுதும்போதெல்லாம் '10 எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. பக்கத்திலேயே முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ரிச்தோஃபெனுக்கு 80, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மனுக்கு 352 என்று ஒரு பட்டியலும் போடுகிறார்கள். மூன்றும் மூன்று விதமாக எண்ணப்பட்டவை. அவற்றை வரிசைப்படுத்தினால் ராய்க்கும் நியாயம் இல்லை, வாசகருக்கும் நியாயம் இல்லை.

விமானி தரையிறங்கி அறிக்கையில் எழுதுவது கோரிக்கை. மேலிடம் ஏற்று அவர் பெயரில் சேர்ப்பது அங்கீகாரம். எதிரியின் இழப்புப் பதிவேட்டில் அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் ஒரு விமானத்தை இழந்ததாக இருந்தால் அதுதான் உறுதியான பொருத்தம். முதல் இரண்டும் அவருடைய தரப்பின் தாள்களில் கிடைக்கும். மூன்றாவதை எதிர்த்தரப்பின் தாள்களில்தான் தேட வேண்டும். நம் கட்டுரைகளில் மூன்றுக்கும் 'வீழ்த்தினார்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம்.

ராயின் 10 வெற்றிகளும் 1918 ஜூலை 6 முதல் 19 வரை, 40-ஆவது ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) எஸ்.இ.5ஏ போர் விமானத்தில் பறந்தபோது பதிவானவை. ஜூலை 22 அன்று அவர் கொல்லப்பட்டார். பத்தில் ஏறக்குறைய பாதி 'கட்டுப்பாடிழந்து கீழே போனது' என்ற வகையைச் சேர்ந்தவை. அப்போதைய பிரிட்டிஷ் விதிப்படி, எதிரி விமானம் சுழன்றுகொண்டு இறங்குவதைப் பார்த்தாலே வெற்றிக் கணக்கில் ஏறும். தரையில் மோதியதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேண்டுமென்றே சுழன்று இறங்கித் தப்புவது அன்றைய விமானிகளின் வழக்கமான உத்தி. சண்டையும் பெரும்பாலும் ஜெர்மன் படைகளின் பிடியிலிருந்த பகுதிக்கு மேலேயே நடந்ததால் கீழே போய்ப் பார்க்க வழியில்லை.

ஜெர்மன் ஏடுகளில் தேடலாம் என்றால், 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகர்மீது நடந்த குண்டுவீச்சில் அவர்களுடைய ராணுவக் காப்பகம் எரிந்துபோனது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி இறந்தோர், காயமடைந்தோர் பட்டியல். விமானம் நொறுங்கியும் ஓட்டியவர் கீறலில்லாமல் எழுந்து நடந்திருந்தால் அந்தப் பட்டியலில் தடயமே இருக்காது. எனவே ராயின் கோரிக்கை ஒன்றுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை என்றால் அது பொய் என்று ஆகாது; முடிவு தெரியவில்லை என்று மட்டுமே எழுதலாம்.

ரிச்தோஃபென் விஷயம் நேர்மாறு. அவர் வீழ்த்தியவை பெரும்பாலும் ஜெர்மன் பக்கத்திலேயே விழுந்தன. சிதைவிலிருந்து வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள முடிந்தது. பிரிட்டிஷ் பதிவேடுகளும் அழியாமல் இருக்கின்றன. 1916 செப்டம்பர் 17 அன்று அவர் பெற்ற முதல் வெற்றியை பிரிட்டிஷ் எஃப்.இ.2பி விமானம், எண் 7018, 11-ஆவது ஸ்குவாட்ரன் என்று இன்றும் சுட்டிக்காட்ட முடிகிறது. அவருடைய 80-இல் மிகப் பெரும்பாலானவை பொருந்துவதற்கு இதுதான் காரணம். ஹார்ட்மனின் 352-ஐ முழுமையாகச் சரிபார்க்க ரஷ்யாவின் பொடோல்ஸ்க் ராணுவக் காப்பகத்தில் உள்ள சோவியத் படைப்பிரிவு ஏடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். போரின் கடைசி மாதங்களில் ஜெர்மன் அங்கீகார நடைமுறையே நிலைகுலைந்துவிட்டதால், அந்த எண்ணின் இறுதிப் பகுதி கோரிக்கையாகவே நிற்கிறது.

சரிபார்ப்பது எப்படி? விருதுக் குறிப்பிலிருந்து தொடங்கக் கூடாது. அது புகழ்வதற்காக எழுதப்பட்டது. தொடங்க வேண்டிய இடம் மூலச் சண்டை அறிக்கை. இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் விமானி என்றால், லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் ஏர் 50 வரிசையில் சண்டை அறிக்கைகளும், ஏர் 27 வரிசையில் ஸ்குவாட்ரன் நாட்பதிவேடுகளும் இருக்கின்றன. நேரம், இடம், உயரம், எதிரி விமான வகை, கடைசியாகக் கண்ணில் பட்டது என்ன என்ற ஐந்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்தாவதுதான் முக்கியம். 'புகைவிட்டபடி மேகத்துக்குள் போனது' என்பதும் 'தரையில் மோதி எரிந்தது' என்பதும் ஒன்றாகாது.

அடுத்தது கடிகாரம். அதிகப் பிழை நேர்வது இங்கேதான். 1918-இன் பெரும்பகுதியில் ஜெர்மன் நேரம் பிரிட்டிஷ் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருந்தது. ஆனால் கோடைக்கால நேரம் வெவ்வேறு நாட்களில் தொடங்கியதால் மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஜப்பானியக் கடற்படை எங்கே பறந்தாலும் டோக்கியோ நேரத்தையே எழுதியது. பசிபிக் தீவான குவாடல்கனாலில் உள்ளூர் நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால். பசிபிக்கில் தேதிக் கோடும் குறுக்கே வரும்: பேர்ல் ஹார்பர் அமெரிக்கருக்கு டிசம்பர் 7, ஜப்பானியருக்கு டிசம்பர் 8. இதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் உண்மையான பொருத்தம் நழுவும், பொய்யான பொருத்தம் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு எதிரியின் இழப்புகள். விமானி எழுதிய வகையை மட்டும் தேடக் கூடாது. 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் 'ஹைன்கல் 113' விமானங்களை வீழ்த்தியதாக அறிக்கை தந்தார்கள். அப்படி ஒரு விமானம் படையில் இருந்ததே இல்லை, ஜெர்மன் பிரச்சாரத்தில் மட்டும்தான் இருந்தது. ஜெர்மன் இழப்பு அறிக்கைகளில் சேதம் சதவீதத்தில் இருக்கும். 60-க்கு மேல் என்றால் பழுதுபார்க்க இயலாதது என்று கழித்துவிடுவார்கள். 35 என்று இருந்தால் விமானம் அடிபட்டது உண்மை, ஆனால் மறுபடி பறந்தது. அமெரிக்கத் தரப்பில் 1943 முதல் காணாமற்போன விமானக்குழு அறிக்கைகள் உண்டு. இயந்திர எண், துப்பாக்கி எண்கள் வரை அவற்றில் இருப்பதால் சிதைவு கிடைத்தால் அடையாளம் காண்பது எளிது.

அதற்குப் பின்தான் பொருத்துவது. ஒரே விமானியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரியின் இழப்புகளைத் தேடினால் கிடைப்பதையெல்லாம் அவருக்கே கொடுத்துவிடுவோம். அன்று அந்த வானில் கோரிக்கை வைத்த அத்தனை விமானிகளையும், தரையிலிருந்து சுட்ட பீரங்கிப் படையையும் ஒரே தாளில் எழுத வேண்டும். மூன்று பேர் ஒரே விமானத்தைச் சுட்டு, மூவரும் அது விழுவதைப் பார்த்து, மூன்று கோரிக்கை வந்திருப்பது சாதாரணம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சில விநாடிகள்தான் குறியில் இருக்கும். உடனே தன் முதுகைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 முழு விசையில் பாயும்போது கரும்புகை விடும். புரண்டு செங்குத்தாக இறங்குவது அதன் வழக்கமான தப்பும் வழி. பின்னால் இருப்பவருக்கு அது எரிந்து விழுவதுபோலத் தெரியும்.

வானில் கூட்டம் கூடக்கூட மிகையும் கூடும். 1940 செப்டம்பர் 15 அன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்த எண்ணிக்கை 185. ஜெர்மானியர் உண்மையில் இழந்தது சுமார் 60. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபர்ட், ரேகன்ஸ்பர்க் என்ற ஜெர்மன் நகரங்கள் மீதான தாக்குதலில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத் துப்பாக்கியாளர்கள் கோரியது 288. ஜெர்மன் பதிவுகளில் முப்பதுகூட இல்லை. ஒரே போர் விமானத்தை நோக்கிப் பத்துப் பேர் சுட்டால் இப்படித்தான் ஆகும்.

எதிரியின் ஏடும் வேதவாக்கு இல்லை. சண்டையில் அடிபட்டுத் தளம் திரும்பி இறங்கும்போது நொறுங்கியதை 'விபத்து' என்று எழுதியிருப்பார்கள். தேதி ஒருநாள் தள்ளியிருக்கும். சில நேரம் எதிரி யார் என்பதே ஒரு கேள்வி. கொரியப் போரில் அமெரிக்க சேபர் போர் விமானங்களின் விமானிகள் சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானங்கள் 792-ஐ வீழ்த்தியதாகக் கணக்கு வைக்கப்பட்டது. சோவியத் இழப்பு 335. இதை மட்டும் பார்த்து 'பாதிக்கு மேல் பொய்' என்று எழுதினால் தவறு. சீன, வட கொரிய விமானிகளும் அதே மிக் விமானத்தில் பறந்தார்கள். அந்த இழப்புகளையும் கூட்ட வேண்டும்.

பகிர்ந்த வெற்றிகளை எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் அரை, கால் என்று பிரித்தார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் முழுதாக ஒன்று எழுதினார்கள்.

இனி இத்தகைய கட்டுரைகளில் 'வீழ்த்தினார்' என்ற இடத்தில் 'வீழ்த்தியதாக அங்கீகரிக்கப்பட்டது' என்று அச்சிடுங்கள். எதிர்த்தரப்பு ஏடுகளோடு பொருந்திய எண் தெரிந்தால் அதையும் தனியே தாருங்கள். ராயைப் பற்றி எழுதும்போது 'அங்கீகரிக்கப்பட்ட வெற்றிகள் 10. அவற்றில் ஏறக்குறைய பாதி, தரையில் மோதியதை யாரும் பாராதவை' என்று எழுதலாம்.

இப்படிக்கு,
வான்போர் ஆவணங்களை ஒப்பிட்டுப் படிக்கும் வாசகர்